மலையில் இழுக்காத பழைய ஆறு சிலிண்டர் கார்: கோளாறு கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று வருகிறவர்களில் பலர் அதற்குள் கார்புரேட்டரை ஒரு தடவை கழற்றி மாட்டியிருப்பார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய ஆறு சிலிண்டர் கார் வைத்திருப்பவர்கள் படும் பாட்டில் பாதி இந்த அவசரத்தால் வருவது. வால்வு, பிளக், பாயிண்ட் (பிளக் பொறிக்காக மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் தொடுமுனை), டைமிங் (பொறி விழும் நேரம்) எது கெட்டிருந்தாலும் அதன் அடையாளம் கார்புரேட்டர் கோளாறு போலத்தான் தெரியும். அதனால் கார்புரேட்டர் கடைசியில் தொட வேண்டியது.

ஆறு சிலிண்டருக்கு இன்னொரு குணம் உண்டு. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒன்று செத்தால் வண்டியே குலுங்கும். ஆறில் ஒன்று செத்தால் குலுக்கம் அவ்வளவாகத் தெரியாது. ஏதோ சோர்வாக ஓடுகிற மாதிரி மட்டும் இருக்கும். "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். வயது காரணமில்லை, பெரும்பாலும் ஒரு சிலிண்டர்தான் காரணம்.

இந்த வழிகாட்டி பாயிண்ட், கார்புரேட்டர் உள்ள, வரிசையாக ஆறு சிலிண்டர் அமைந்த பெட்ரோல் இன்ஜின்களுக்கு. பழைய பிளைமவுத், டாட்ஜ், செவ்ரலே, ஜாகுவார் எல்லாம் இதில் அடங்கும்.

1. தொடங்கும் முன்

சமதளமான இடம் முதலில் வேண்டும். சாய்வில் நின்றால் கார்புரேட்டரின் மிதவை மட்டம் (உள்ளே பெட்ரோல் நிற்கும் அளவு) தப்பாகத் தெரியும். நம் ஊரில் வீட்டு முற்றமே சாய்வு என்றால், பக்கத்தில் ஒரு சமமான இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பழைய கார்களின் ஹேண்ட் பிரேக்கை நம்பி முன்னால் நின்று வேலை செய்யக் கூடாது.

குளிருக்குப் பயந்து ஷெட் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கருவிகள்: கம்ப்ரஷன் கேஜ், வேக்குவம் கேஜ், ஃபீலர் கேஜ், டைமிங் லைட், சின்ன டெஸ்ட் பல்பு, பிளக் ஸ்பேனர், இரண்டடி ரப்பர் குழாய், தீயணைப்பான். இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு அளவையும் அப்போதே எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

அந்த மாடலுக்கான கையேடு கிடைத்தால் நல்லது. பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். இன்ஜின் ஆயில் சரியான அளவில் இருக்க வேண்டும்.

2. மலையின் பங்கை முதலில் கழித்துவிடுங்கள்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், ஏறத்தாழ 77 சதவீதம். டர்போ இல்லாத இன்ஜின் காற்றைத் தானாகத்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். கிடைக்கிற காற்றுக்கு ஏற்றபடிதான் வேலை செய்யும். சமவெளியில் 100 குதிரைத்திறன் தருகிற இன்ஜின் ஊட்டியில் 77 தந்தால் அது ஆரோக்கியமான இன்ஜின். அதில் ஒரு சிலிண்டரும் செத்திருந்தால் 64. நாம் தேடுவது இந்த இரண்டாவது இழப்பை மட்டும்தான்.

கேஜ் அளவுகளிலும் இதே கணக்கு. புதியவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். கையேட்டில் ஐட்லிங்கில் (மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில்) வேக்குவம், அதாவது இன்ஜின் உறிஞ்சும் அளவு, 18 முதல் 20 அங்குலம் (பாதரசம்) என்று போட்டிருக்கும். அது கடல் மட்டத்துக்கு எழுதியது. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். ஊட்டியில் 11 முதல் 13 வந்தால் நல்ல இன்ஜின். குன்னூரில் 12 முதல் 14. ஊட்டியில் 12 என்ற முள்ளைப் பார்த்துவிட்டு "எங்கோ ஏர் பிடிக்குது" என்று மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்த் தொகுப்பை) கழற்றியவர்கள் உண்டு.

கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) அப்படித்தான். கீழே 140 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) காட்டும் சிலிண்டர் ஊட்டியில் 108 அளவில்தான் காட்டும். கையேட்டில் உள்ள எண்ணை 0.77 ஆல் பெருக்கி, அதோடு ஒப்பிடுங்கள்.

வாய்ப்பிருந்தால் ஒரு நாள் மேட்டுப்பாளையம் வரை இறங்கி, அங்கே சமதளச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். அங்கே வண்டி பழையபடி பாய்ந்தால் குறை உயரத்திலும் கார்புரேட்டர் ஜெட்டிலும் (பெட்ரோல் போகும் சிறு துளை) இருக்கிறது. நேராகப் படி 10க்குப் போகலாம். அங்கேயும் சோர்வாக ஓடினால் இன்ஜினில் கோளாறு உண்டு, வரிசையாகப் போக வேண்டும்.

3. இன்ஜினே காரணமில்லாமல் இருக்கலாம்

ஏரியை ஒட்டிய சாலை மாதிரி ஒரு சமமான இடத்தில் மெதுவாக ஓட்டி, நியூட்ரலில் விடுங்கள். சட்டென்று நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஈரத்தில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாக விடாமல் நிற்பது இங்கே சர்வசாதாரணம். டிரம்மைத் தொட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம், ஆனால் மலை இறங்கி வந்த உடனே தொடாதீர்கள். அப்போது எல்லா டிரம்மும் சூடாகத்தான் இருக்கும்.

ஏற்றத்தில் டாப் கியரில் மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

அடுத்தது ஆக்ஸிலேட்டர். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரை உள்ளே உட்கார வைத்து முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் வாயில், காற்று வழியைத் திறக்கும் த்ராட்டில் தகடு முழுதாக நிமிர்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த புஷ்ஷும் தடித்த கால்மிதியும் சேர்ந்து கால்வாசித் திறப்பைத் தின்றுவிடும். அப்படியே சோக் தகடும் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏர் ஃபில்டர் எண்ணெய்க் கிண்ண வகையாக இருந்தால், கோட்டுக்கு மேலே எண்ணெய் ஊற்றியிருக்கக் கூடாது.

இந்தப் படிக்கு அரை மணி நேரம் போதும். இதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தவர்கள் ரொம்பப் பேர்.

4. சூடும் தெர்மோஸ்டாட்டும்

சமவெளிப் பட்டறைகளில் "சூடாகுது" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிற பழக்கம் உண்டு. அந்த வண்டி மலைக்கு வந்தால் இன்ஜின் சூடே ஏறாது. சூடு ஏறாத இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, பிளக் கறுக்கும், ஆயில் கெடும். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்தே பாருங்கள். இனி வரும் அளவுகளில் பலவற்றை இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு எடுக்க வேண்டும். அதற்காகத்தான் இது இவ்வளவு முன்னால் வருகிறது.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் கவனியுங்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் ஏற்றத்தில் பொங்கிவிடும்.

5. டேப்பட் இடைவெளி

வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி இது. கம்ப்ரஷன் பார்க்கும் முன் இதைச் செய்ய வேண்டும். இடைவெளி இல்லாமல் இறுகிய வால்வு முழுதாக மூடாது. அப்போது கேஜ் குறைவாகக் காட்டும், நல்ல பிஸ்டன் ரிங்கைத் தேய்ந்த ரிங் என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

2000ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. வால்வு மூடும்போது உட்காரும் சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். கடின சீட் வைக்காத பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் இறங்கும். இறங்க இறங்க இடைவெளி குறையும். பாரத்தோடு ஏற்றம் ஏறும் வண்டிகளில் இது சீக்கிரம் நடக்கும். டேப்பட் சத்தம் போடுகிற வண்டியைவிட, முன்பு சத்தம் போட்டுவிட்டு இப்போது அமைதியாகிவிட்ட வண்டியைச் சந்தேகப்படுங்கள்.

ஆறு சிலிண்டருக்கு எளிய வழி: கூட்டுத்தொகை ஏழு. 1, 6 ஜோடி. 2, 5 ஜோடி. 3, 4 ஜோடி. ஜோடிப் பிஸ்டன்கள் ஒன்றாக ஏறி இறங்கும். 6ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி மற்றது திறக்கும் தறுவாயில் ஆடும்போது 1ஆம் சிலிண்டரைச் சரி செய்யுங்கள். 2 ஆடும்போது 5. இப்படியே எல்லாம்.

ஜாகுவாரின் எக்ஸ்கே இன்ஜினில் இடைவெளியை அளக்க மட்டும் செய்யுங்கள். அங்கே ஷிம் (இடைவெளியைத் தீர்மானிக்கும் சிறு தகடு) மாற்ற வேண்டும், அதற்குக் கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், பழகியவரிடம் விடுங்கள். அந்த இன்ஜினில் 1ஆம் சிலிண்டர் பின்பக்கம், ஃப்ளைவீல் பக்கம் இருக்கிறது என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து எண்ணிப் பிளக் வயர் மாட்டினால் ஃபயரிங் ஆர்டரே (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) புரண்டுவிடும்.

6. கம்ப்ரஷன்

சூடான இன்ஜின், ஆறு பிளக்கும் வெளியே, காயிலுக்கு (பொறிக்கு மின்னழுத்தத்தைக் கூட்டும் சுருள்) போகும் சின்ன வயர் துண்டிப்பு, த்ராட்டில் முழுத் திறப்பு. நான்கும் அவசியம். த்ராட்டிலை மூடி வைத்துப் பார்த்தால் காற்றே உள்ளே போகாது, எல்லாச் சிலிண்டரும் செத்த மாதிரி தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்தாறு முறை அமுக்கம் வரும் வரை செல்ஃப் அடியுங்கள்.

மொத்த அளவைவிட ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் முக்கியம். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. 108, 106, 110, 70, 107, 105 என்று வந்தால் நாலாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறும் சமமாக 85 என்றால் இன்ஜின் தேய்ந்திருக்கிறது, ஆனால் ஓடும். நீங்கள் தேடுகிற திடீர்ச் சோர்வுக்குக் காரணம் அது இல்லை.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். நன்றாக ஏறினால் ரிங். ஏறவே இல்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு). பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒரே மாதிரி குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. பக்கவாட்டு வால்வு உள்ள பழைய பிளைமவுத், டாட்ஜில் ஆயில் பிஸ்டன் மேல் சரியாகப் பரவாது. அங்கே இந்தச் சோதனையை ரொம்ப நம்பாதீர்கள். கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் பிளக் துளை வழியாகக் காற்று அடித்துக் கேட்டால் சந்தேகம் தீரும்: கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

வால்வு என்று தெரிந்தால் இங்கேயே நிறுத்துங்கள். கருகிய வால்வை எந்த டியூனிங்கும் காப்பாற்றாது. ஹெட்டைக் கழற்றுகிறபோது கடினமான சீட்டாகவே போடச் சொல்லுங்கள். பக்கவாட்டு வால்வு இன்ஜினில் சீட் பிளாக்கிலேயே இருக்கும் என்பதால் அது பெரிய வேலை, அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

7. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை?

கம்ப்ரஷன் சரி என்றால் பிளக்கை மாட்டி ஐட்லிங்கில் ஓட விடுங்கள். காப்புறை உள்ள பிளையரால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி, நுனியை பாடியில் தொட வையுங்கள். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் இன்ஜின் சுணங்கும். சுணங்கவில்லை என்றால் அது ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர். ஐட்லிங்கில் எல்லாம் சரியாக இருந்தால், சற்று வேகம் கூட்டி மறுபடி செய்யுங்கள்.

இனி வடிவத்தைப் படிக்க வேண்டும். ஆறு சிலிண்டரின் வழக்கமான ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. இதில் அடுத்தடுத்து வெடிக்கும் எந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. இது நமக்குப் பெரிய உதவி. செத்த இரண்டும் இன்ஜினில் பக்கத்துச் சிலிண்டர்கள் என்றால் கேஸ்கெட்டையோ மேனிஃபோல்டையோ பாருங்கள். 5, 3 போல ஃபயரிங் ஆர்டரில் அடுத்தடுத்து வருபவை என்றால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கீறல் விழுந்து மின்சாரம் தாவுகிறது, அல்லது இரண்டு வயர் இடம் மாறியிருக்கிறது. இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டியில் ஒரு பாதியின் மூன்றும் சோர்ந்தால் அந்தப் பக்கக் கார்புரேட்டர். ஒரே கார்புரேட்டரில் 1, 6 பிளக்குகள் வெளுத்து, நடுவில் உள்ளவை கறுத்திருந்தால் மேனிஃபோல்டின் இரு முனையிலும் காற்று நுழைகிறது.

ஆறும் ஒரே மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பயப்பட வேண்டாம். சமவெளி ஜெட்டோடு மலைக்கு வந்த வண்டியின் பிளக் அப்படித்தான் இருக்கும்.

8. இக்னிஷன்

பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு. பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசையைத் திருப்பவே கூடாது.

டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றில் ஆறு சிலிண்டருக்கு வேலை செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் 60 டிகிரிதான் கிடைக்கிறது, நாலு சிலிண்டருக்கு 90. காயிலில் மின்சாரம் நிரம்பக் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் பாயிண்ட் கொஞ்சம் தவறினாலும் வேகத்தில் மிஸ்ஸிங் அடிக்கும். லூக்காஸ் நிறுவனத்தின் பல டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு 0.35 முதல் 0.40 மிமீ, பிளைமவுத் வகைக்கு 0.50 மிமீ. ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, எத்தனை தடவை வைத்தாலும் இடைவெளி நிற்காது.

மூடியையும் ரோட்டரையும் வெளிச்சத்தில் பாருங்கள். முடி போன்ற கரிக்கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், சுரண்டி ஒப்பேற்றாதீர்கள். மெல்லிய காற்றில் மின்பொறி வெளிப்பக்கம் தாவுவது சுலபம், மூடுபனியின் ஈரம் அதற்கு இன்னும் வசதி செய்து தருகிறது. இருட்டிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். ஒழுகும் வயர் நீலமாகத் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்த) வண்டியை யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருந்தால், காயிலின் இரண்டு சின்ன வயரும் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும். ஆனால் பொறிக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும் மிஸ் ஆகும். இதைக் கண்டுபிடிக்காமல் வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு.

இப்போது டைமிங். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, லைட்டை அடித்து, கையேட்டு அளவுக்கு வையுங்கள். பிறகு மெதுவாக வேகம் கூட்டுங்கள். குறி நகர வேண்டும். நகரவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறியை முந்த வைக்கும் எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஷெட்டிலேயே நிற்கும் வண்டிகளில் இழுவைக் குறைவுக்கு இது பெரிய காரணம். குழாயை வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் தட்டு அசைய வேண்டும். அசையாவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

மலையில் அழுத்தம் குறைவு என்பதால் இன்ஜின் இரண்டு மூன்று டிகிரி கூடுதல் அட்வான்ஸை (பொறி முந்தி விழுவதை) தாங்கும், அதில் இழுவையும் சற்றுக் கூடும். ஆனால் அதே டைமிங்கோடு கோயம்புத்தூருக்கு இறங்கி மிதித்தால் நாக்கிங் (இன்ஜினில் தட்டும் சத்தம்) வரும். அடிக்கடி இறங்குபவர்கள் கையேட்டு அளவிலேயே விடுவது நல்லது.

9. காற்றுக் கசிவு, பெட்ரோல் வரத்து, சைலன்ஸர்

வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டுங்கள். முள் நிலையாக நின்று, உயரக் கணக்கைவிடக் குறைவாக இருந்தால் காற்றுக் கசிவோ பிந்திய டைமிங்கோ. சீராக விட்டுவிட்டுத் துடித்தால் ஒரு வால்வு. இன்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்தி வைக்கும்போது முள் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் சைலன்ஸர் அடைத்திருக்கிறது.

கசிவைத் தேட ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகள் பக்கம் நகர்த்துங்கள். சீறல் கேட்கும். பெட்ரோலோ ஸ்ப்ரேயோ அடித்துப் பார்ப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல ஆறு சிலிண்டர்களில் இன்டேக்குக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கடும் சூட்டில் இருக்கும், தீப்பற்றிவிடும். வேக்குவத்தில் ஓடும் வைப்பர், பிரேக் பூஸ்டர் குழாய்களை மறக்காதீர்கள்.

அந்த இரண்டு மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் சில இன்ஜின்களில் ஒரு சூட்டுத் தகடு இருக்கும். அது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால், மூடுபனி நாளில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும்: கிளம்பிச் சில நிமிடத்தில் இன்ஜின் திணறி நிற்கும், பத்து நிமிடம் நிறுத்தினால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். மூடிய நிலையில் சிக்கினால் கலவை அதிகம் சூடாகி இழுவை போகும். கையால் அசைத்துப் பாருங்கள்.

பெட்ரோல் வரத்தைப் பார்க்க, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் புட்டியில் விட்டு, காயில் வயரைத் துண்டித்து, செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு வலுவாகப் பாய வேண்டும். இந்த வேலையை இன்ஜின் ஆறிய பிறகு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் செய்யுங்கள். வரத்து மெலிந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளை, ஃபில்டர், ரப்பர் குழாய், பிறகு பம்ப் என்று பாருங்கள். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் பழைய ரப்பரை உப்ப வைக்கும், டேங்கின் பழைய படிவைக் கரைத்துக் கொண்டுவரும். ஈரத்தையும் உறிஞ்சும், அரை டேங்கோடு மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைக்காதீர்கள்.

பர்லியாறிலிருந்து குன்னூர் வரை ஏறி வந்து, நிறுத்திய வண்டி மறுபடி கிளம்ப மறுத்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம். பானெட்டைத் திறந்து ஆற விடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் உரசிப் போகும் குழாயை விலக்கிக் கட்டுவதுதான் நிரந்தரத் தீர்வு.

10. கடைசியாக, கார்புரேட்டர்

இவ்வளவும் சரியான பிறகும் பிளக் கறுத்து, சைலன்ஸரில் புகை கறுப்பாக வந்தால் கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்). முதலில் மிதவை மட்டம், ஊசி வால்வு. பிறகுதான் ஜெட்.

பிரிட்டிஷ் கார்களில் வரும் எஸ்யூ கார்புரேட்டரில், அதன் பிஸ்டனைத் தூக்கும் முளையால் பிஸ்டனை ஒரு மிமீக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் ரிச். இன்ஜின் சாகப் போனால் லீன் (பெட்ரோல் குறைவு). கொஞ்சம் ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டு கார்புரேட்டர் என்றால் கலவைக்கு முன், ரப்பர் குழாயால் இரண்டு வாயின் சீறலையும் கேட்டு, காற்றைச் சமப்படுத்துங்கள். டேஷ்பாட்டில் (பிஸ்டனுக்கு மேலே ஆயில் நிற்கும் இடத்தில்) ஆயில் இல்லாவிட்டால் மிதித்தவுடன் திணறும். அதை ஜெட் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

அமெரிக்க ஒற்றைக் கார்புரேட்டரில் வெளியே தெரியும் ஸ்க்ரூ ஐட்லிங்குக்கு மட்டும்தான். அதைத் திருகி ஏற்றத்தில் இழுவையைக் கூட்ட முடியாது. ஓட்டத்துக்கு மெயின் ஜெட்டை ஓர் அளவு குறைத்துப் போட்டு, அருவங்காட்டிலிருந்து மேலே உள்ள ஏற்றம் மாதிரி ஒரே சாலையில், ஒரே கியரில், ஒரே சுமையோடு ஓட்டிப் பாருங்கள். பிளக் இளம்பழுப்பு நிறத்துக்கு வரும் அளவில் நிறுத்துங்கள். வெளுக்கும் வரை போனால் வால்வு கருகும்.

கழற்றிய பெரிய ஜெட்டை ஒரு சின்னப் பொட்டலத்தில் "சமவெளி" என்று எழுதி டூல் பெட்டியில் போட்டு வையுங்கள். மலை ஜெட்டோடு மேட்டுப்பாளையம் தாண்டி நெடுந்தூரம் போவதானால் கிளம்பும் முன் மாற்ற வேண்டும். கீழே காற்று அடர்த்தி, கலவை லீனாகிவிடும், எத்தனால் அதை இன்னும் லீனாக்கும்.